களத்தில் வளர்த்த புல்

புல்தானே, விட்டால் தானாக வளரும் என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே அசதி வந்துவிடுகிறது. நான் இப்போது குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் முன்னால் ஒரு புல்தரை இருக்கிறது. அதில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று பலகையும் வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்து கால் கடுக்க அதைத் தாண்டி வரும்போதெல்லாம், ஒரு கோடை முழுக்க எங்கள் வீட்டில் நடந்த கூத்து நினைவுக்கு வரும். எங்கள் புல்தரை ஒரே ஒரு காலுக்காகப் போட்டது. அது என் அண்ணனுடைய வலது கால்.

திண்டிவனத்திலிருந்து மயிலம் போகிற வழியில் எங்கள் கிராமம். அண்ணன் என்னைவிட ரொம்பப் பெரியவன். படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே பைபாஸில் பைக்கோடு விழுந்தான். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். எலும்பெல்லாம் சேர்ந்துவிட்டது. வலது பாதம் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் ஒரு குண்டூசியோடு வந்தார். அண்ணனைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு வலது உள்ளங்காலில் குத்தினார்.

"தெரியுதா?"

"இல்ல சார்."

குதிகாலில் குத்தினார், விரலில் குத்தினார். எல்லாவற்றுக்கும் அண்ணன் அதே பதிலைச் சொன்னான். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா மடியிலிருந்த செபமாலையை இறுகப் பிடித்துக்கொண்டாள். எனக்கோ பொறாமையாக இருந்தது. நெருஞ்சி முள்ளின் மேல் ஓடினாலும் வலிக்காத கால் யாருக்குக் கிடைக்கும்?

வீட்டிலேயே மெதுவாக நடந்து பழகட்டும், கீழே மட்டும் விழுந்துவிடக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்கும்போது அப்பாவின் கண் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த புல்தரையில் இருந்திருக்க வேண்டும். ஊருக்குத் திரும்பும் வழியிலேயே, "டாக்டரு புல்லு மேல நடக்கச் சொல்லிருக்காரு" என்று ஆரம்பித்துவிட்டார். டாக்டர் வாயிலிருந்து புல் என்ற சொல் வந்ததாக எங்களில் யாருக்கும் ஞாபகமில்லை. ஆனால் யாரும் மறுத்துப் பேசவும் இல்லை.

எங்கள் வீட்டு முன்னால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயவைக்கிற களம் இருந்தது. வருஷக்கணக்கில் சாணம் மெழுகி, மிதிபட்டு இறுகிப்போன தரை. அப்பா கடப்பாரையை எடுத்து அதைப் பெயர்க்கத் தொடங்கினார்.

"மல்லாட்டைய எங்க கொட்டிக் காயவெக்கிறதாம்?" என்றாள் அம்மா.

"ரோட்டுல" என்றார் அப்பா.

பகலெல்லாம் மல்லாட்டைக் கொல்லையில் வேலை, சாயந்திரம் வந்து களத்தில் வேலை. அப்பா கொத்திப் போட்ட மண்ணில் அம்மாவும் நானும் கல் பொறுக்கினோம். தொழுவுரமும் மணலும் கலந்து, பலகையால் இழுத்து மட்டப்படுத்தினோம். திண்டிவனம் நர்சரியிலிருந்து புல் வந்தது, பாய் மாதிரி சுருட்டி. கொரியன் புல் என்றும், கால் வைத்தால் மெத்தென்று இருக்கும் என்றும் நர்சரிக்காரர் சொல்லியிருந்தார். எங்கள் ஊர் வெயிலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை.

தவக்காலத்தில் விரித்த புல். உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் பச்சைப்பசேல் என்று இருந்தது. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு சாக ஆரம்பித்தது. முதலில் ஓரம் பழுத்தது, பிறகு நடுவில் திட்டுத் திட்டாகக் காய்ந்தது. போர்வெல் தண்ணீர் கொல்லைக்கே போதவில்லை. அம்மா அரிசி கழுவிய தண்ணீரைக்கூடக் கீழே கொட்டாமல் கொண்டுவந்து ஊற்றினாள். அப்பா கொல்லையிலிருந்து வந்த கையோடு, சட்டையைக்கூடக் கழற்றாமல் வாளியைத் தூக்குவார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அண்ணன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பான்.

"வுட்டுத் தொலைப்பா. ஒரு புல்லுக்குப் போயி இவ்ளோ பேஜாரா?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தான். அப்பா காதில் வாங்காதவர் போல ஊற்றிக்கொண்டே இருந்தார். அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சரியாகப் பேசியதாக நினைவில்லை. பேசுகிற தெம்பு யாருக்கும் இல்லை.

அப்போதுதான் காய்ந்த புல்லுக்கு நடுவே அருகம்புல் தலைகாட்டியது. எருவோடு வந்ததோ, மண்ணிலேயே இருந்ததோ தெரியாது. மல்லாட்டை போடுகிறவர்களுக்கு அருகம்புல்லைவிடப் பெரிய விரோதி கிடையாது. அப்பா வாழ்நாளெல்லாம் அதோடு மல்லுக்கட்டியவர். பார்த்ததும் குனிந்து அதைப் பிடித்தார். பிடித்தவர் என்ன நினைத்தாரோ, விட்டுவிட்டு அதற்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினார். இந்த மண்ணிலும் இந்த வெயிலிலும் பிறந்து வளர்ந்த புல் அல்லவா, மளமளவென்று ஓடியது. அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் பாதிக் களம் பச்சையாகிவிட்டது. அது முழுக்கப் படர்ந்த அன்று அண்ணன் எழுந்து நடப்பான் என்று நான் முடிவே கட்டியிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அத்தைகள் இரண்டு பேரும் பெரியம்மாவும் அண்ணனைப் பார்க்க வந்தார்கள். அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான். அப்பா கறி வாங்கப் போயிருந்தார். அம்மாவும் நானும் அடுப்படியில் இருந்தோம். அத்தைகள் வெளியே களத்தோரம் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா டீயோடு வெளியே வந்தபோது களத்தில் ஒரு பச்சை இல்லை. மூவரும் வரிசையாகக் குத்துக்காலிட்டு, கடைசி மூலையை முடித்துக்கொண்டிருந்தார்கள். செத்துப்போன கொரியன் புல் மட்டும் துளி கலையாமல் அப்படியே இருந்தது.

"பாவம், ஆஸ்பத்திரிக்கு ஓடறதுக்கே உங்களுக்கு நேரம் சரியா இருக்குது" என்றாள் பெரிய அத்தை, கையைத் தட்டிக்கொண்டு. "அருகு மண்டிப்போயி கெடந்துச்சு. பேசிக்கினே எடுத்துட்டோம். காசு குடுத்து வாங்குன புல்லு மேல கையே வெக்கல."

பிடுங்கியதை என்ன செய்தீர்கள் என்று அம்மா கேட்கவில்லை. கொட்டகையில் மாடு சாவகாசமாக மென்றுகொண்டிருந்தது.

"எங்க அண்ணன் காலப் புடுங்கிட்டீங்க!" என்று நான் கத்திய கத்தலில் அண்ணன் எழுந்துவிட்டான். வாக்கரைப் பிடித்து, வலது காலை இழுத்து இழுத்து வாசலுக்கு வந்தான். களத்தைப் பார்த்தான், அத்தைகளைப் பார்த்தான், மாட்டைப் பார்த்தான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான். விழுந்த நாளிலிருந்து அவன் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். விஷயம் புரிந்ததும் பெரிய அத்தை ஓவென்று அழுதுவிட்டாள். கறிப் பையோடு வந்த அப்பா எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பையை அம்மாவிடம் நீட்டினார். "சரி வுடு. ஜல்தி சோத்த ஆக்குங்க, புள்ளைங்க பசியா இருக்கும்" என்றார்.

மறுநாள் அப்பா கொல்லை வரப்பில் அருகைத் தோண்டினார். வேர் அறாமல், கணு ஒடியாமல், பதமாக. சாக்கில் கட்டி மொபெட்டில் வைத்து ஊர் வழியாகக் கொண்டுவந்தார். "மாட்டுக்குங்களா?" என்று கேட்டவர்களிடம் ஆமாம் என்று சொல்லிவிட்டார். அருகம்புல்லை நடப்போகிறேன் என்று ஒரு மல்லாட்டைக்காரர் தன் வாயால் எப்படிச் சொல்வார்?

அடுத்த ஞாயிறு யாரும் கூப்பிடாமலே அத்தைகளும் பெரியம்மாவும் வந்தார்கள். புடவையைச் செருகிக்கொண்டு அதே வரிசையில் உட்கார்ந்தார்கள். கணுவைக் கிள்ளி, ஈர மண்ணில் அழுத்தி நட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தார்கள். அன்று யாரும் ஊர்க்கதை பேசவில்லை.

மழை வந்தது. அருகு பிடித்துக்கொண்டது. அப்பா கருக்கரிவாளால் அதை ஒரே மட்டமாக அறுத்துவிட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் சாயந்திரம் நாற்காலியைத் தூக்கிக் களத்தின் நடுவில் போட்டு, அண்ணனைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து உட்காரவைத்தார். கீழே மண்டியிட்டு அவனுடைய வலது காலை இரண்டு கையாலும் தூக்கி, செருப்பைக் கழற்றி, தண்ணீர் தெளித்த புல்லின் மேல் மெதுவாக வைத்தார்.

"எப்டிடா இருக்குது?"

அண்ணன் தன் பாதத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

"சில்லுன்னு இருக்குதுப்பா."

அப்பா தலையை ஆட்டினார். பக்கத்திலிருந்த செம்பை எடுத்து, அந்தக் காலைச் சுற்றி இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார்.

நான் ஒரே ஓட்டமாக அடுப்படிக்கு ஓடினேன். "அம்மா, அண்ணன் காலுக்குச் சில்லுன்னு இருக்குதாம்!" என்று கத்தினேன். குழம்பைத் துழாவிக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. ஆனால் அவள் திரும்பவில்லை.

"அப்பாகிட்டயா சொன்னான்?" என்றாள்.

"ஆமாம்மா. வந்து பாரேன்!"

"நீ போ. ஆடு கீடு வந்து வாய் வெக்காம பாத்துக்கோ" என்றாள். இவ்வளவு பெரிய நல்ல சேதிக்குக்கூட எழுந்து வர முடியாத அளவுக்கு அம்மாவுக்கு அப்படி என்ன அலுப்பு என்று எனக்குக் கோபமாக வந்தது. ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு போய்க் களத்தோரம் காவலுக்கு நின்றேன். அன்று அந்த வீட்டில் சந்தோஷமாக இருந்தது நான் ஒருத்திதான்.