மஸ்டர் போனைக் கடைசி வரிசையில் போட்டேன்

குமுளிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் நெட்வொர்க் அமைத்ததுதான் நான் தனியாகச் செய்த முதல் வேலை. இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்களுக்காக எழுதுகிறேன். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

1. பட்டியல்

ஆபீஸ், டிஸ்பென்சரி, தொழிலாளர்கள் தினமும் வருகைக்குப் பேர் கொடுக்கும் மஸ்டர் கொட்டகை, மூன்றுக்கும் ஒரே மெல்லிய இணைப்பு. நெரிசலில் எது முதலில் போக வேண்டும் என்று, இணைப்பைப் பங்கிடும் ஸ்விட்ச் கருவியில் ரூல் எழுத வேண்டும். முன்னுரிமைப்படி மூன்று வரிசை வைத்தேன்: போன் பேச்சு, ஆபீஸ் வேலை, மற்றவை. பட்டியலை ஆபீஸில் உட்கார்ந்தே போட்டேன். மஸ்டரில் இருப்பது தொழிலாளர்களின் வைஃபைதானே என்று அங்குள்ள நெட்வொர்க் முகவரிகள் முழுவதையும் 'மற்றவை'யில் தள்ளினேன். இதே இணைப்பில் ஓடும், அங்கே சுவரில் இருந்த போனும் அதோடு சேர்ந்து போனது.

என் அம்மா அதே மஸ்டரில் பல வருடம் பேர் கொடுத்தவர்; நான் வளர்ந்தது அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். சாயங்கால வரிசையில் நிற்பவர்கள் செல்லில் வீடியோ பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல.

2. ரோசம்மாக்கா

மூன்றாம் நாள் சாயங்காலம், காய் எடுத்துத் திரும்பும்போது ரோசம்மாக்காவைப் பாம்பு கடித்தது. அங்கே செல்லுக்கு சிக்னல் கிடையாது. சூப்பர்வைசர் செல்வராஜ் சுவர் போனில் டிஸ்பென்சரியைக் கூப்பிட்டார். வீடியோக்களின் நெரிசலில் அவர் குரல் துண்டு துண்டானது. நர்சுக்கு எதுவும் விளங்கவில்லை. மூன்று முறை கூப்பிட்டுவிட்டு ஆளை ஓடவிட்டார். டிஸ்பென்சரி ஜீப் வர முக்கால் மணி நேரம் தாமதம். அக்கா பிழைத்துக்கொண்டார். ஆனால் காலை இன்னும் முழுதாக ஊன்ற முடியவில்லை.

3. நான் சொன்னது

மறுநாள் காலை ஸ்விட்சில் பார்த்தேன். கடைசி வரிசையில் கைவிடப்பட்ட பாக்கெட்டுகளின், அதாவது தரவுத் துண்டுகளின், எண்ணிக்கை ஏறிக் கிடந்தது. காரணம் புரிந்துவிட்டது. மானேஜர் கேட்டபோது, "மழைல கேபிள் போயிருக்கும் சார்" என்றேன்.

கேபிள் பார்க்கும் முருகன் அண்ணன் இரண்டு நாள் அட்டைக்கடியோடு மரம் மரமாக ஏறினார். அதற்குள் நான் சத்தமில்லாமல், மஸ்டர் போனை முதல் வரிசைக்கு மாற்றும் ஒரு ரூல் சேர்த்தேன். போன் தெளிவானது.

செல்வராஜ் மஸ்டர் வரிசையில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "நம்ம லயத்துப் பிள்ளைல்லா, கை வச்சதும் சரியாயிருச்சு. முருகன் கட்டுன வயரு துணி காயப்போடத்தான் லாயக்கு."

முருகன் அண்ணன் தலையைக் குனிந்து சிரித்தார். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை.

"வயரு நல்லாத்தான் இருக்குண்ணே. நான் எழுதுன ரூல்தான் தப்பு. மறுநாளே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டேவா என்னைய மரத்துல ஏத்துன?"

வரிசையில் நின்ற ஒரு அக்கா மெதுவாகக் கேட்டார்: "அப்ப நாங்க படம் பாத்ததுனாலயாம்மா அவளுக்கு ஜீப்பு வரல?"

"இல்லக்கா, அது என் தப்பு" என்றேன். அவர் நம்பவில்லை. ஒவ்வொருவராகச் செல்லை அணைத்து மடியில் செருகினார்கள். அதன்பின் பல நாள் அந்த வரிசையில் யாரும் செல்லை எடுக்கவில்லை.

இப்போதெல்லாம் ரூல் எழுதும் முன், போன் இருக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் கூட்டம் கூடும் நேரத்தில் போய் நானே பேசிப் பார்க்கிறேன். தப்பு என்னுடையது என்றால் அன்றே சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் தள்ளினாலும் அதை வேறு யாராவது தன்னுடையதாக எடுத்துக்கொண்டு விடுகிறார்கள். பிறகு எவ்வளவு சொன்னாலும் திருப்பித் தருவதில்லை.