சட்டைக் கையை மடித்தவர்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்திருந்த சமயம். பம்பாய் ஆஸ்பத்திரி ஒன்றில் என் அம்மாவுக்கு அடுத்த கட்டிலில், ஈரலில் புற்று வந்து வயிறு வீங்கிய ஒரு பெண் கிடந்தாள். அவள் புருஷன் தாராவியில் தோல் பதனிடுகிறவர். ஆஸ்பத்திரிக்கென்று முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு வருவார். உட்காரவே மாட்டார்.

ஒருநாள் டாக்டர் இங்கிலீஷில் சொன்னதை நான்தான் அவருக்குத் தமிழில் சொன்னேன். கத்தி வைக்க முடியாது. சீமையிலிருந்து புது ஊசிமருந்து வந்திருக்கிறது. இங்கே யாருக்கும் போட்டுப் பார்த்ததில்லை. பிழைக்கலாம், அந்த மருந்தே கொன்றுவிடவும் கூடும். சம்மதமா?

அவர் சட்டைக் கையை மடித்தார். முழங்கைவரை, தோல் ஊறவைக்கிற மரப்பட்டைச் சாயம் ஏறியிருந்தது.

"மொதல்ல எனக்குப் போடச் சொல்லுங்கய்யா."

"உங்களுக்கு நோயே இல்லையே. உங்களுக்குப் போட்டு என்ன தெரியும்?"

"வெசமா இல்லியான்னு தெரியும்லா?"

டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, முடியாதென்று தலையசைத்தார். வேறு வழியில்லாமல் இவர் மனைவிக்குப் போடச் சம்மதித்தார்.

அதன்பின் நர்ஸ் ஊசித் தட்டோடு வரும்போதெல்லாம் அவர் குறுக்கே வந்து, மடித்த கையை நீட்டுவார். அவள் அவரைச் சுற்றிக்கொண்டு கட்டிலுக்குப் போவாள். என்ன நினைத்து நீட்டினார் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

மனைவியின் உடலை எடுத்துப் போன பிறகும் அவர் அங்கேயே நின்றார். என் அம்மாவுக்கு ஊசி போட நர்ஸ் வந்தாள். அவர் கையை நீட்டினார்.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். மடிப்பைப் பிரித்து, சட்டைக் கையை மெதுவாக மணிக்கட்டுவரை இறக்கி, பொத்தானை மாட்டிவிட்டாள்.