மட்டைக்குப் போட்ட பூண்

புதுக்கோட்டை அப்போது திருச்சி ஜில்லாவோடு இருந்தது. ஐம்பதுகளின் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். கந்தர்வக்கோட்டை போகிற சாலையில், ஊர் முடிகிற இடத்தில் எனக்கு ஒரு இரும்புப் பட்டறை. வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா கட்டுவது, உலக்கைக்குப் பூண் போடுவது, ஏர்க்கொழு காய்ச்சி அடிப்பது, இதுதான் பிழைப்பு. நான் போட்ட பூண் கழன்று வந்ததாக யாரும் சொன்னதில்லை. அந்தத் தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதைக்கு அதுதான் காரணம்.

என் மூத்த மகன் ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தான். டிரில் மாஸ்டர் அவனை ஹாக்கி டீமில் சேர்த்துவிட்டார். ஒருநாள் போய்ப் பார்த்தேன். பந்து கருங்கல் மாதிரி இருக்கிறது. பதினோரு பிள்ளைகள் இந்தப் பக்கம், பதினோரு பிள்ளைகள் அந்தப் பக்கம், எல்லார் கையிலும் கட்டை. பந்து எங்கே, கால் எங்கே என்று பார்த்து அடிக்கிறார்களா என்றே எனக்குச் சந்தேகமாக இருந்தது. அந்த மாதமே அவனுக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்தது.

என் வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். "பல்லோட போச்சேன்னு இத்தோட நிறுத்தச் சொல்லுங்க. நாளைக்கு மண்டை ஒடஞ்சா என்ன செய்வீங்க?"

"வெளையாட்டுன்னா நாலு அடி படத்தான் செய்யும்" என்று நான் அவள் வாயை அடைத்தேன். வெளியே அப்படிச் சொன்னாலும் அவன் ஆட்டத்துக்குப் போகிற நாளெல்லாம் எனக்குப் பட்டறையில் வேலை ஓடாது. சம்மட்டி ஒரு பக்கம் விழும், மனசு ஒரு பக்கம் கிடக்கும். பையன் நன்றாக ஆடுகிறான் என்று நாலு பேர் சொல்லும்போது பெருமையாகவும் இருக்கும். நிறுத்து என்று சொல்ல வாய் வரவில்லை.

பிறகு ஒரு ஆட்டத்தில் அவன் மட்டை கழுத்தில் விரிசல் விட்டு, கையில் நிற்காமல் ஆடிப்போயிற்று. எதிராளி அடித்த அடியை அவனால் தடுக்க முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே வீங்கி, பத்து நாள் நொண்டினான். பள்ளிக்கூடத்தில் வேறு மட்டை இல்லை. அந்த விரிசல் மட்டையை வீட்டுக்கு எடுத்து வந்து என்னிடம் கொடுத்தான்.

"நூலு மட்டும் சுத்திக் குடுங்கப்பா. இரும்பு கிரும்பு போட்றாதீங்க, அது சட்டத்துல கெடையாது" என்றான்.

தலையை ஆட்டினேன். நூல் எத்தனை நாள் தாங்கும்? மட்டை உறுதியாக இருந்தால் பிள்ளைக்கு அடி படாது, என் புத்தி அதற்கு மேலே போகவில்லை. மெல்லிசான தகடு எடுத்து, உலக்கைக்குப் போடுகிற மாதிரியே சின்னதாக ஒரு பூண் அடித்தேன். விளிம்பை அரத்தால் ராவி மழுக்கினேன். இரண்டு முனையையும் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒரு ஆணி அடித்து இறுக்கி, அதன் மேலே துணியை மூன்று சுற்றுச் சுற்றி வஜ்ஜிரப் பசை தடவிவிட்டேன். பார்த்தால் யாருக்கும் தெரியாது.

கையில் வாங்கியவன், "கனம் கூடியிருக்கேப்பா" என்றான். "வஜ்ஜிரம் காஞ்சா சரியாப் போயிரும்" என்றேன். பெற்ற பிள்ளையிடம் கூசாமல் பொய் சொன்னேன்.

அடுத்த ஆட்டம் வெளியூர்ப் பள்ளிக்கூடத்தோடு. பட்டறையைச் சாத்திவிட்டு மைதானத்துக்குப் போய்க் கோட்டோரத்தில் நின்றேன். ரெப்ரி மட்டைகளை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். என் மகன் அன்றைக்கு ஆடிய மாதிரி எப்போதும் ஆடியதில்லை. ஒவ்வொரு அடிக்கும் என் நெஞ்சு நிமிர்ந்தது. என் வேலை பேசுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிக் கட்டத்தில் எதிர்ப்பக்கத்துப் பையன் ஒருவன் பந்தைத் தடுக்கக் குனிந்து ஓடி வந்தான். அதே நேரம் என் மகன் ஓங்கி அடித்தான். பந்தை அடித்த வேகத்தில் மேலே போன மட்டை அந்தப் பையன் முகத்தில் பட்டது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்தான். விரலிடுக்கு வழியாக ரத்தம் கொட்டியது.

என் மகன் மட்டையைப் போட்டுவிட்டு அவனிடம் ஓடினான். எல்லாரும் அங்கே ஓட, நான் மட்டையிடம் ஓடினேன். எடுத்துப் பார்த்தேன். துணி கிழிந்து, ஆணி விட்டுப்போய், பூணின் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பூணை வெட்டி எடுத்து உலையில் போட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், "கட்டை பட்டா வீங்கும். இப்படியா வெட்டும்?" நான் பக்கத்தில்தான் நின்றேன்.

மறுநாள் காலையில் அடிபட்ட பையனுடைய தகப்பனார் வந்து சேர்ந்தார். ஆவூர்ப் பக்கத்துக் கிராமம், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர், கடலைக்கொல்லை வைத்திருந்தவர். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, "வெளையாட்டுல நடக்கிறதுதாங்க. ஒங்க மகன் அழுதுக்கிட்டு நிக்கிறான், அவனைக் கூட்டிட்டுப் போய்ச் சாப்பிட வைங்க" என்றார். மூன்றாம் நாள், வெட்டுப்பட்ட கண்ணுக்கு இனிமேல் பார்வை வராது என்று சொல்லிவிட்டார்கள்.

ஆட்டச் சட்டத்தை மீறித் தோளுக்கு மேலே மட்டையைத் தூக்கியது தன் தப்பு என்று என் மகன் நம்பினான். ஹாக்கியை விட்டான். அதோடு போகவில்லை. பட்டறையில் ஒரு கை உதவிக்குச் சம்மட்டி பிடிக்கச் சொன்னால், தூக்கிய கை நடுவழியில் நின்றுவிடும். கீழே வைத்துவிட்டுப் போய்விடுவான். விறகு பிளக்கக்கூட மாட்டான். எட்டு மாதம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது மாதம் முடியவில்லை, ஆவூருக்கு பஸ் ஏறினேன்.

அவர் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார். "வாங்க, இங்கிட்டு நெழல்ல வந்து உக்காருங்க" என்று கூப்பிட்டார். உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பூண், ஆணி, துண்டில் சுற்றி எடுத்துப் போனது, எதையும் விடவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் கையிலிருந்த களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னார். "இத்தனை நாளா நான் எம்மகனத்தாங்க திட்டிக்கிட்டு இருக்கேன். எவன்டா மட்டைக்கு நேரா தலையக் குடுப்பான், கண்ணத் தொலைச்சது ஒன் புத்திகெட்டதனம்னு. ஒருநாள் கைகூட நீட்டிட்டேன். அவனும் ஆமா எந்தப்புதான்னு இருக்கான்."

என் பிள்ளை ஒருவன்தான் வீணாகக் குற்றம் சுமக்கிறான் என்று எண்ணிக்கொண்டு போயிருந்தேன்.

பையன் வீட்டில்தான் இருந்தான். அவனிடம் நானே சொல்ல வேண்டும் என்று தகப்பனார் சொல்லிவிட்டார். சொன்னேன். இருக்கிற கண்ணால் என்னைப் பார்த்து அவன் ஒன்றுதான் கேட்டான். "இது ஒங்க மகனுக்குத் தெரியுமா?" தெரியாது என்றேன். "மொதல்ல அவன்கிட்டச் சொல்லுங்க" என்றான்.

சாயங்காலம் வீடு வந்து மகனை உட்கார வைத்துச் சொன்னேன். கடைசிவரை கேட்டான். கோபப்படவில்லை, அழவில்லை. "எட்டு மாசம் என்னையப் பாத்துக்கிட்டுத்தானப்பா இருந்தீங்க?" என்றான். எழுந்து போய்விட்டான்.

பிறகு அவன் படித்து முடித்து வெளியூரில் வேலைக்குப் போனான். மரியாதைக்குக் குறைவில்லை, நல்லது கெட்டதுக்கு வருவான், இரண்டு நாள் இருப்பான். ஆவூர்ப் பையன் கலியாணத்துக்கு என் மகனுக்குப் பத்திரிகை வந்தது, அவன் மட்டும் போய்விட்டு வந்தான். எனக்கு வரவில்லை, வந்திருந்தாலும் போகிற முகம் எனக்கு இல்லை.

கோட்டோரத்தில் நிற்கிற தகப்பன்மாரை இப்போதும் மைதானங்களில் பார்க்கிறேன். அவரவர் பிள்ளைக்கு அடி படக் கூடாதே என்ற தவிப்பு ஒவ்வொரு முகத்திலும் தெரியும். அன்றைக்கு என் முகத்திலும் அதுதான் இருந்தது, அந்த ஒரு தவிப்பை வைத்துக்கொண்டே இரண்டு பிள்ளைகளையும் ஒரு தகப்பனையும் காயப்படுத்தினேன் என்பதை நினைக்காமல் என்னால் எந்த ஆட்டத்தையும் பார்க்க முடிவதில்லை.