ஐம்பத்தொன்பது மூளைகளும் ஒரு போத்தலும்

கற்பிட்டி பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன மருத்துவப் பரிசோதனை லெப்பில் கமறியா இரத்தம் எடுக்கத் தொடங்கி இருபத்திரண்டு வருடம். அதற்குள் இரண்டு வேலைகள் அவளுக்குக் கைவந்துவிட்டன. எவ்வளவு ஒல்லிக் கையிலும் ஒரே குத்தில் நரம்பைப் பிடிப்பாள். எவ்வளவு பெரிய ஆளின் முட்டாள்தனத்தையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். முதலாவதுக்காகச் சனங்கள் அவளைத் தேடி வந்தார்கள். இரண்டாவதுக்காகப் பயந்தார்கள். கருவாட்டு வாடி வைத்திருந்த அவளுடைய வாப்பா, மகள் நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்து என்ன பார்க்கிறாள் என்பதை ஊருக்கு விளக்கத் தெரியாமல், "பூச்சி பாக்கிறா" என்று சொல்லிச் சொல்லியே மவுத்தாகிப் போனார்.

அவள் மனதார வெறுத்த ஆள் ஒருவர் உண்டென்றால் அது கனமூலைக்காரர் செய்னுலாப்தீன். போனுக்கு ரீலோட் போடும் கடை வைத்திருந்தவர். கொரோனாக் காலத்தில் கருஞ்சீரகத்தைப் பற்றி ஒரு வீடியோ போட்டார். அது நன்றாக ஓடியதும் கடையை மூடிவிட்டு வெள்ளைக் கோட் ஒன்று தைத்துக்கொண்டார். இப்போது அவர் 'டொக்டர் நானா'. கழுத்தில் எப்போதும் ஸ்டெதஸ்கோப் தொங்கும். அதில் எந்த முனை காதுக்குப் போவது என்பதாவது அவருக்குத் தெரியுமா என்று கமறியாவுக்குச் சந்தேகம் இருந்தது.

லெப்பில் வருகிறவர்களுக்கு நம்பர் கொடுத்துத் துண்டுச் சீட்டு எழுதுகிறவள் பஹ்மிதா. இருபத்தேழு வயது. முதல் கல்யாணம் ஒரு வருடம்கூட நிற்கவில்லை. ஏழாம் மாதத்தில் ஆண் பிள்ளை ஒன்று இறந்து பிறந்தது. அடுத்த பெருநாளைக்குள் புருஷன் கட்டாரிலிருந்து தலாக் சொல்லி அனுப்பினான். நான்கு வருடத்துக்குப் பிறகு வெங்காய வியாபாரி அஃப்ராஸ் அவளைக் கேட்டு வந்தான். நிக்காஹ்வுக்கு நாளும் குறித்தாயிற்று.

அந்த நேரத்தில்தான் டொக்டர் நானாவின் புது வீடியோ வந்தது. 'பெண்ணின் மூளைக்குள் பழைய ஆண்களின் கலங்கள்! விஞ்ஞானிகள் அதிர்ச்சி!' ஒரு பெண்ணைத் தொட்ட ஒவ்வொரு ஆணின் கலமும், அதாவது உயிரணுவும், அவள் உடம்பில் சாகும்வரை தங்கும், அடுத்தவனுக்குப் பிறக்கும் பிள்ளையிலும் முந்தியவன் கலந்திருப்பான் என்றார். அதோடு நிற்கவில்லை. நாற்பது நாள் குடித்தால் அதையெல்லாம் கழுவிவிடும் போத்தல் ஒன்றையும் தூக்கிக் காட்டினார்.

இரண்டு நாளில் அஃப்ராஸின் உம்மா அந்தப் போத்தலோடு லெப்புக்கு வந்தார்.

"கல்யாணத்த நிப்பாட்டச் சொல்லல்ல மிஸ். நாப்பது நாள் இத குடிச்சிட்டு முடிக்கட்டும்."

பஹ்மிதா பேனையைக் கீழே வைத்தாள். கமறியா கையுறையைக் கழற்றினாள்.

"மாமி, இது முழுப் பொய். ஒருத்தர்ட கலம் இன்னொருத்தர்ட உடம்புல இரிக்காது. எந்த மடையன் சொன்னது?"

"அமெரிக்காவில கண்டுபுடிச்சிரிக்காங்களாமே. பாருங்க, பேரோட போட்டிரிக்கி." அவர் போனை நீட்டினார்.

அங்கே உண்மையிலேயே ஓர் ஆய்வுக் கட்டுரையின் பெயர் இருந்தது. கமறியா வாயை மூடிக்கொண்டாள். அது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை.

அன்று பின்னேரம் லெப்பைப் பூட்டாமல் இருந்து அந்தக் கட்டுரையைத் தேடி எடுத்தாள். இங்கிலீசில் விளங்காத சொல்லை அகராதியில் பார்த்துப் பார்த்து வாசித்தாள். இறந்த ஐம்பத்தொன்பது பெண்களின் மூளைகளைச் சோதித்திருந்தார்கள். முப்பத்தேழு பேரின் மூளையில் ஆணின் டிஎன்ஏ கிடைத்திருந்தது. தான் சொன்னது பிழை என்று அவளுக்கு விளங்கியது. காது சூடாகிவிட்டது. மேலும் வாசித்தாள். அது பெரும்பாலும் வயிற்றில் சுமந்த ஆண் பிள்ளையிடமிருந்து வந்திருக்கும் என்று எழுதியவர்களே சொல்லியிருந்தார்கள். கர்ப்ப காலத்தில் பிள்ளையின் கலங்கள் சில தாயின் இரத்தத்துக்குள் போகும். சிலவேளை பல வருடம் தங்கும். கரு கலைந்தாலும் அப்படித் தங்கலாம். வேறொரு பழைய கட்டுரை, ஆண் பிள்ளை பெறாத பெண்களிடமும் இது கிடைக்க என்ன காரணமாக இருக்கலாம் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தது. தெரியாமலே கலைந்த கரு, கூடவே உருவாகி அழிந்த இரட்டை, மூத்த சகோதரன் என்று போன அந்தப் பட்டியலின் கடைசியில் உடலுறவும் ஒரு சொல்லாக நின்றது. இருக்கலாம் என்ற ஊகம்தான். நிரூபணம் எதுவும் இல்லை. அந்த ஒற்றைச் சொல்லை வைத்துத்தான் கனமூலைக்காரர் போத்தல் நிரப்பினார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பஹ்மிதாவின் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். அஃப்ராஸும் உம்மாவும் வந்தார்கள். விளக்கம் சொல்ல டொக்டர் நானாவும் கோட்டோடு வந்து, நல்ல கதிரையாகப் பார்த்து உட்கார்ந்தார்.

கமறியா முதலில் அஃப்ராஸின் உம்மாவைப் பார்த்தாள். "மாமி, அண்டைக்கு நான் முழுப் பொய் எண்டு சொன்னது பிழை. இன்னொருத்தர்ட கலம் உடம்புல இரிக்கலாம்."

செய்னுலாப்தீன் சிரித்தார். "பாத்தீங்களா? மிஸ்ஸே ஒத்துக்கிட்டாங்க."

"அவசரப்படாதீங்க. நீங்க அந்தக் கட்டுரைய வாசிச்சீங்களா?"

"சாராம்சம் தெரியும்."

"எத்தன பேர்ட மூளைய பாத்தாங்க?"

அவர் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து ஊதினார்.

"அது வயித்துல சுமந்த ஆம்புளப் புள்ளையிட கலம் எண்டுதான் எழுதினவங்க நினைக்கிறாங்க. மாமி, நீங்க நாலு ஆம்புளப் புள்ள பெத்தவங்க. இந்தக் கதையெல்லாம் முதல்ல உங்களுக்குத்தான் பொருந்தும். பொறக்கிற புள்ள யாருடையது எண்டத அந்தக் கலம் தீர்மானிக்கிறதும் இல்ல." பிறகு டொக்டர் நானாவிடம் திரும்பினாள். "சரி, உங்கட போத்தல் கழுவிட்டுது எண்டு எப்பிடித் தெரியும்? என்ன டெஸ்ட் செஞ்சு பாத்தீங்க?"

"உடம்பு லேசாகும். அனுபவத்துல தெரியும்."

"நான் டெஸ்ட் செஞ்சேன்." அஃப்ராஸின் உம்மா லெப்பில் விட்டுப்போன போத்தலையும் அதில் தோய்த்த சிறு பட்டி ஒன்றையும் அவள் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். சிறுநீரில் சீனி பார்க்கும் பட்டி. அதன் நுனி கடும் மண்ணிறமாகியிருந்தது. "இது குளுக்கோஸ் கரைச்ச பாகு. சீனி வருத்தக்காரர் யாராவது நாப்பது நாள் குடிச்சா ஆஸ்பத்திரியிலதான் கெடக்கணும். கோட் போட்டா மட்டும் காணாது நானா."

அஃப்ராஸ் தன் போனைப் பார்த்தபடியே இருந்தான். வந்ததிலிருந்து அவன் ஒரு சொல் பேசவில்லை.

அதுவரை கதவருகில் நின்ற பஹ்மிதா முன்னால் வந்தாள். "ராத்தா, எனக்குள்ள ஏதும் மிச்சம் இரிந்தா, அது என்ட மகன்டதாத்தான் இரிக்குமா?"

"இரிந்தா, பெரும்பாலும் அப்பிடித்தான்."

பஹ்மிதா மேசையிலிருந்த போத்தலை எடுத்து அஃப்ராஸின் உம்மாவின் மடியில் வைத்தாள். "என்ட மகன கழுவி ஊத்தவா மாமி இத கொண்டு வந்தீங்க? எடுத்துக்கிட்டுப் போங்க. எனக்கு இந்தக் கல்யாணம் வாணாம்."

டொக்டர் நானா பொறுமையைப் பற்றி ஒரு ஹதீஸ் சொல்ல வாயெடுத்தார். யாரும் கேட்கவில்லை. பஹ்மிதாவின் உம்மா அவர் குடித்து முடிக்காத கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

ஒரு கிழமைக்குப் பிறகு அஃப்ராஸ் தனியாக லெப்புக்கு வந்தான். "உம்மா சொன்னத நான் ஒரு நாளும் நம்பல்ல," என்றான்.

"நம்பாமத்தான் வாய மூடிக்கிட்டு இரிந்தீங்களா?" என்று கேட்டாள் பஹ்மிதா. பிறகு அடுத்த நம்பரைக் கூப்பிட்டாள்.

செய்னுலாப்தீன், படித்த பெண்களின் ஆணவத்தைப் பற்றி ஒரு வீடியோ போட்டார். போத்தல் இன்னும் கூடுதலாக விற்றதாகக் கேள்வி. கமறியா சோறு தின்றபடி அதைக் கடைசிவரை பார்த்துவிட்டு, "மூதேவி, இப்பயும் வாசிக்கல்ல" என்று போனைக் கவிழ்த்து வைத்தாள்.

பஹ்மிதா அருகில் வந்து நின்றாள். நான்கு வருடம் அங்கே இருந்தும் அவள் நுணுக்குக்காட்டிக்குள் பார்த்ததில்லை. அன்று கேட்டாள். கமறியா அவள் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்து, கண்ணாடியில் தேய்த்து, சாயம் போட்டு வைத்தாள்.

"இதுல என்ட மகன் இரிப்பானா ராத்தா?"

"இதுல பாத்துச் சொல்ல ஏலாது புள்ள. இரிக்கிறானா இல்லையா எண்டே எனக்குத் தெரியாது."

பஹ்மிதா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே யாரோ பஹ்மிதாவின் மேசையைத் தட்டினார்கள். கமறியா கையைத் துடைத்துக்கொண்டு, துண்டு எழுதத் தானே எழுந்து போனாள்.