ஹெட் கிளார்க் குருசாமி வாங்கிக் கொடுத்த டாக்டர்

சித்திரை பிறந்து நாலாம் நாள் காலையில் எங்கள் பழைய கம்பவுண்டர் முதல் பஸ்ஸைப் பிடித்து விருதுநகர் வந்து என் வீட்டு வாசலில் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "ஹெட் கிளார்க் போயிட்டாருங்கய்யா" என்றார். மார்வலியாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூட நேரம் கொடுக்கவில்லையாம். எனக்கு அழுகை வரவில்லை. நல்லவர், நாணயமானவர் என்று எழுத உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். எழுதுங்கள், அது பொய்யில்லை. நானும் அவரும் சேர்ந்து செய்த ஒரு காரியத்தை நான் எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. குருசாமி டாக்டர் இல்லை. அருப்புக்கோட்டைச் சீமையில் ஓர் அரசு ஆஸ்பத்திரியின் ஆபீஸில் ஹெட் கிளார்க். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் கண், எலும்பு, அறுவை என்று தனிப்படிப்புப் படித்துவிட்டு அந்த வறண்ட காட்டுக்கு வந்து சேர்ந்த எந்த டாக்டருக்கும் சங்கமும் அவர்தான், வக்கீலும் அவர்தான். கண் டாக்டர் ஒருவரைத் திருச்சுழிப் பக்கம் ஊர் ஊராகக் காலரா ஊசி போட அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருஷம் அந்த மனுஷன் ஒரு கண்ணைக்கூடப் பார்க்கவில்லை. குருசாமி மேலே எழுதினார், திரும்பி வந்தது, மறுபடி எழுதினார். ஏழாவது கடிதத்துக்கு நாலு கட்டிலோடு கண் வார்டு வந்தது. நன்றி சொல்லப் போன டாக்டரிடம், "ரெண்டு வருசமா வாயை மூடிக்கிட்டு ஊசி போட்டீகளே, வெக்கமா இல்ல?" என்று கேட்டாராம். ஆளே அப்படித்தான்.

அறுபதுகளின் நடுவில் நான் அங்கே சர்ஜனாகப் போனேன். ஆபரேஷன் தியேட்டர் இருந்தது, மயக்க மருந்து டாக்டர் இல்லை. முடிந்த கேஸுக்கு முதுகில் ஊசியை நானே போட்டு நானே அறுப்பேன். முடியாததற்குக் கம்பவுண்டர் நோயாளியின் முகத்தில் துணியை வைத்து ஈதரைச் சொட்டுச் சொட்டாக விடுவார். அவர் அதைச் செய்யக்கூடாது. ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளைகுட்டிக்காரருக்கு வேலை போய்விடுமே என்று, ஆபரேஷன் ரிஜிஸ்தரில் 'மயக்க மருந்து கொடுத்தவர்' என்ற கட்டத்தில் என் பெயரையே எழுதிவந்தேன். நாலு வருஷம். பெரிய தர்மம் செய்வதாக நினைப்பு. மயக்க மருந்து டாக்டர் வேண்டும் என்று வருஷாவருஷம் கேட்டோம். அந்தப் பணி அங்கே திருப்திகரமாக நடந்துவருகிறது என்று வருஷாவருஷம் பதில் வந்தது. ஏன் என்று எங்களுக்குப் புரியவில்லை. குருசாமிதான் ஒருநாள் ரிஜிஸ்தரைப் புரட்டிப் பார்த்துவிட்டு என் மேஜையில் தொப்பென்று போட்டார்.

"அய்யா, ரெண்டு ஆள் வேலையை ஒத்தை ஆளாப் பாக்குறேன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீக. அவன் எதுக்கு இன்னொரு ஆளை அனுப்புவான்? சமாளிக்கிறவனுக்குச் சர்க்கார் ஒண்ணும் தராது."

அதற்கு அவர் ஒரு வழியும் சொன்னார். இனிமேல் கட்டத்தில் பொய் எழுதக்கூடாது. ஆள் இல்லாமல் அறுக்கவும் கூடாது. வருகிற கேஸையெல்லாம் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி அனுப்பிவிட வேண்டும். மூன்று மாதம் தியேட்டர் பூட்டிக் கிடந்தால் மேலே இருக்கிறவர்களுக்குத் தானாக வலிக்கும் என்றார். நான் ஒத்துக்கொண்டேன். இதை அழுத்திச் சொல்கிறேன், அவர் என் கையைக் கட்டிப்போடவில்லை. குடலிறக்கம், கட்டி என்று வந்தவர்கள் முனகிக்கொண்டே மதுரை பஸ் ஏறினார்கள்.

ஆறாவது வாரம் பஞ்சவர்ணம் வந்தாள். திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கிராமம். தலைப்பிரசவம், இரண்டு நாள் வலி. புருஷன் கருப்பையா மாட்டு வண்டியில் திருச்சுழி வரைக்கும், அங்கிருந்து பஸ்ஸிலுமாகக் கொண்டுவந்திருந்தான். பிள்ளை குறுக்கே கிடந்தது, துடிப்பு கேட்டது. வயிற்றைக் கீறி எடுத்தால் இரண்டு உயிரும் தங்கும் என்று பார்த்தவுடனே தெரிந்தது. கை கழுவக் கிளம்பினேன். தியேட்டர் வாசலில் குருசாமி நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"இன்னைக்கு நீங்க அறுத்தா, ஆறு வாரமா மதுரைக்கு அலைஞ்ச சனம் அம்புட்டும் சும்மா அலைஞ்சதா ஆயிரும். நாளைக்கும் நீங்கதான் மயக்கம் குடுக்கணும், நீங்கதான் அறுக்கணும். ஒருநா உங்க கையிலயே ஒருத்தி மூச்சு முட்டிச் சாவா. யோசிச்சுக்கோங்க."

அவர் சொன்னது பொய்யில்லை. முந்தின வருஷம் ஒருத்திக்கு ஈதரில் மூச்சு நின்று, போய்விட்டாள் என்று நாங்கள் நினைத்த பிறகு திரும்பி வந்தது. யோசித்தேன். மதுரைக்குச் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஓடிப்போய் வாடகைக் கார் பிடித்து வந்ததும் குருசாமிதான். கார் பாதி வழியில் காரியாபட்டியைக்கூடத் தாண்டவில்லை. சாயங்காலம் அதே காரில் கருப்பையா திரும்பி வந்தான், மடியில் அவள் தலை. நான், பாவி, ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் கருப்பையாவின் பெயரில் சென்னைக்கு ஒரு மனு போனது. விளக்கம் கேட்டு அதன் நகல் எனக்கு வந்தது. தியேட்டர் இருந்தது, சர்ஜன் இருந்தார், மயக்க மருந்து டாக்டர் மட்டும் இல்லை, சர்ஜன் தொட மறுத்தார் என்று மணி நிமிஷத்தோடு இருந்தது. கைநாட்டு கருப்பையாவுடையது. எழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியாதா? போய்க் கேட்டேன். "நாந்தான் எழுதினேன். உங்க பேரைப் போடாட்டி பைலு நகராது" என்றார். அதோடு விட்டாரா? எனக்கான விளக்கத்தையும் அவரே டைப் அடித்துக் கொண்டுவந்து நீட்டினார். அதில் நான் விதிப்படி நடந்திருந்தேன். கருமம், இரண்டுமே உண்மை.

நாலு மாதத்தில் மயக்க மருந்து டாக்டர் வந்து சேர்ந்தார். "அந்தப் பொம்பள செத்து ஊருக்கு ஒரு டாக்டரை வாங்கிக் குடுத்துட்டா" என்றார் குருசாமி. அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். கம்பவுண்டர்தான் பிடித்துக்கொண்டார். அதே வாரம், அந்த மனுவின் பேரில், வடகோடியில் ஓர் ஊருக்கு எனக்கு மாற்றல் வந்தது. என் இடத்துக்கு யாரையும் போடவில்லை. மயக்கம் கொடுக்க ஆள் வந்தாயிற்று, அறுக்க ஆள் இல்லை. தியேட்டரை மறுபடி பூட்டினார்கள். வந்த டாக்டரைக் காலரா ஊசி போட அனுப்பிவிட்டார்களாம். குருசாமி சர்ஜன் கேட்டு எழுத ஆரம்பித்தார். ஒரு வருஷத்துக்கு மேல் எழுதி, வாங்கியும் விட்டார். அதன் பிறகு அங்கே எத்தனையோ தாய்மார்கள் பிழைத்துப் பிள்ளையோடு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அதைச் சொல்லி என்னை நானே தேற்றிப் பார்த்திருக்கிறேன். பஞ்சவர்ணத்தை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதில் மனசு வந்து நிற்கும்.

இரண்டு பேரும் ஓய்வு பெற்ற பிறகு ஒரு கல்யாண வீட்டில் பக்கத்துப் பக்கத்து இலை. ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேட்டேன். எதைக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது. "நல்லாத் தூங்குறேன் அய்யா. அதான் பயமா இருக்கு" என்றார். பிறகு ரசம் ஊற்றச் சொன்னார்.

கம்பவுண்டரோடு சாவு எடுப்புக்குப் போனேன். அவர் தெரு நெசவாளர் தெரு, அன்று தறி ஓடவில்லை. கருப்பையா வந்திருந்தார், தலை நரைத்துவிட்டது. குருசாமியின் காலைப் பிடித்துக்கொண்டு, தனக்காக மெட்ராஸ் வரைக்கும் எழுதின ஒரே மனுஷன் இவுகதான் என்று சொல்லிச் சொல்லி அழுதார். எழுந்து கண்ணைத் துடைத்தவர் என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது.

"நீங்கதானய்யா அன்னைக்கு மதுரைக்கு எழுதிக் குடுத்தீக?"

ஆமாம் என்றேன். தியேட்டர் வாசலில் நின்றது யார் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. இங்கே எழுதியிருக்கிறேன், கருப்பையாவுக்குப் படிக்கத் தெரியாது. நீங்கள் யாரும் படித்துக் காட்டவும் வேண்டாம். அவருக்கென்று நின்ற ஒரு ஆளாவது அவருக்கு மிஞ்சட்டும்.

குருசாமி எனக்கு என்ன விட்டுவிட்டுப் போனார் என்று கேட்டால் சொல்கிறேன். அவர் உயிரோடு இருந்தவரை அந்தச் சாவை இரண்டு பேர் சுமந்தோம். தாங்க முடியாதபோது அவரை வாய்க்கு வந்தபடி திட்டுவேன், கொஞ்சம் இறங்கும். இனி யாரைத் திட்ட? அவர் பங்கும் என்னிடம்தான் வந்திருக்கிறது. வரவேண்டியதுதான். சீட்டில் இருந்த கையெழுத்து என்னுடையது மட்டும்தான்.