அனுப்புநர் பெயர்

எங்கள் அப்பா மறைந்து இந்த மாசியோடு ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்திருக்கும் உறவினர்கள் அவரை மில் எலக்ட்ரீஷியனாக அறிவார்கள். வாடிப்பட்டித் தெருக்காரர்களோ மொட்டைமாடியில் கம்பி கட்டிய மனிதராக அறிவார்கள். அந்தக் கம்பியின் கதையை மூத்த மகளான நான்தான் எழுத வேண்டும் என்று தம்பிகள் சொல்லிவிட்டார்கள். அப்பாவைப் பற்றி அடக்கமாக எழுத எனக்கு வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பிறந்தது உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு மானாவாரிக் கிராமத்தில். மழை பொய்த்த ஒரு வருடம் தாத்தா உழவு மாடுகளை விற்றார். அதோடு அப்பாவின் படிப்பும் பத்தாவதில் நின்றது. மதுரையில் மில் வேலை கிடைத்து, வாடிப்பட்டியில் குடியேறி, எங்கள் மூவரையும் படிக்க வைத்தார். தனக்கென்று அவர் வைத்துக்கொண்ட ஒரே ஆசை அமெச்சூர் ரேடியோ, அதாவது அரசு லைசென்ஸோடு வீட்டிலிருந்தே வெளியூர்க்காரர்களோடு ரேடியோவில் பேசுவது. பழைய ராணுவ ரிசீவர் ஒன்றை வாங்கிச் சரிசெய்தார். சென்னைக்குப் போய், தந்திச் சங்கேதமான மோர்ஸில் பரீட்சை எழுதித் தோற்றார். மறுபடி போய்த் தேறினார். லைசென்ஸ் தபாலில் வந்ததும் டிரான்ஸ்மிட்டரைத் தானே கட்டினார், அதற்கு மொட்டைமாடியில் ஏரியல் கம்பியும் இழுத்தார்.

"அண்ணே, இதுல சிலோன் பாட்டு வருமா?" என்று கேட்காத ஆள் எங்கள் தெருவில் இல்லை.

"வராது மாப்ள. இது நாம பேசுறதுக்கு."

"பேசுறதுக்கா இம்புட்டுச் செலவு?"

எழுபதுகளின் கடைசியில், ஒரு கார்த்திகை மாதத்துப் புயல் அதற்குப் பதில் சொன்னது.

கிழக்குக் கடலோரத்தில் தந்தி, டெலிபோன் கம்பங்கள் எல்லாம் சாய்ந்துவிட்டன. அங்கிருந்த நிவாரண முகாமிலிருந்து, அப்பாவைப் போன்ற ஒரு தொண்டர் கார் பேட்டரியை வைத்துக்கொண்டு பேசினார். அப்பா மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மருந்து, படகு, அரிசி என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். சித்தப்பா அதைத் தாலுகா ஆபீசில் சேர்த்தார். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது, திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும் என்பது இந்த ரேடியோக்காரர்கள் வழக்கம். என் கையெழுத்துக்கு வாங்கிய திட்டு இன்னும் நினைவிருக்கிறது.

இரண்டாம் நாள் காலையில் முகாமில் இருந்தவர்கள் தங்கள் வீடுகளுக்குச் சொல்லும் செய்திகள் வரத் தொடங்கின. அந்தப் பக்கம் பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா ஒரு யோசனை செய்தார்.

"சார், அனுப்புறவுக பேரை விட்ருங்க. யாருக்கு, என்ன சேதி, அது போதும்."

அப்படிப் பதினொரு செய்திகளை வாங்கிவிட்டார். பிறகு குரல் அடங்கிவிட்டது. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பெருமையோடு சேர்த்துத் தப்பையும் வாங்கி வைத்திருந்தது அப்போது தெரியாது.

பதினோராவது செய்தி சோழவந்தான் பேச்சியம்மாள் அக்காவுக்கு வந்தது. 'மாமியாரும் நாத்தனார்கள் இருவரும் முகாமில் நலம்.' ராமேஸ்வரத்துக்குத் தீர்த்தமாடப் போனவர்கள். அப்பா மழையில் சைக்கிள் மிதித்துப் போய்ப் படித்துக் காட்டினார். அக்கா காகிதத்தைப் பார்க்கவில்லை. அப்பா முகத்தையே பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரரும் கூடத்தானே போனாக. அவுக?"

அந்த வீட்டிலிருந்து போனது நான்கு பேர். செய்தியை அனுப்பியதே அவர் கணவராக இருக்கலாம். முகாமில் யாரோ ஒரு குமாஸ்தாவாகவும் இருக்கலாம். அப்படியென்றால் நான்காவது ஆள் எங்கே?

"தெரியல தாயி. அனுப்புனது யாருன்னு நான் கேக்காம விட்டுட்டேன். தப்பு என்னோடது. கேட்டுட்டு வாரேன்," என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அம்மாவுக்கு வந்ததே கோபம்! "அவுகதான் அனுப்பியிருப்பாகன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? அந்தப் புள்ள ஒரு வாய் கஞ்சியாவது குடிக்கும்."

"எனக்கு வந்த சேதியில அது இல்லையே," என்றார் அப்பா.

அன்று அப்பாவும் சாப்பிடவில்லை. மறுநாள் நண்பகலில்தான் முகாமின் குரல் மறுபடி கேட்டது. அப்போதும் முந்தவில்லை, மருந்துச் செய்திகள் முடியும்வரை காத்திருந்து, தன் முறை வந்ததும் கேட்டார். "பதினோராவது சேதி. அனுப்புனவுக பேரு சொல்லுங்க சார்." பதில் வந்தது. பேச்சியம்மாள் அக்காவின் கணவர்தான். காலில் அடி, உயிருக்குப் பயமில்லை. அப்பா அதைத் திருப்பிப் படித்துக் காட்டும்போது குரல் உடைந்தது. என் அப்பா அழுது நான் கேட்டது அந்த ஒரு முறைதான். உடனே சைக்கிளை எடுத்தார்.

பின்னாளில் புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்கள் வீட்டுக்கு வந்தால், சரியாகக் கொண்டு சேர்த்த செய்திகளை அப்பா சொல்லமாட்டார். இந்தத் தப்பைத்தான் சொல்வார். தன் தப்பைத் தானே ஊருக்குச் சொன்ன மனிதரின் மகள் நான்.

அப்பாவின் கடைசி மூன்று வாரங்கள் ஆஸ்பத்திரியில் கழிந்தன. முகம் கோணாமல் பார்த்துக்கொண்ட நர்சுகளுக்கும், ரத்தம் கொடுத்த மில் தோழர்களுக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த தெருவாருக்கும், தோள்கொடுத்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கமும் நன்றியும்.

காரியத்தன்று பேச்சியம்மாள் அக்கா கணவரோடு வந்திருந்தார். 'அன்று அப்பா ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, உங்களுக்கு வருத்தமில்லையா?' என்று அக்காவிடம் கேட்டேன்.

"அன்னைக்கு வாய்க்கு வந்ததச் சொல்லியிருந்தா, மறுநா வந்து 'உசுரோட இருக்காரு'ன்னு சொன்னப்ப நான் நம்பியிருக்க மாட்டேன் தாயி," என்றார். "உங்கப்பா சொன்னாக. நான் மறுபேச்சுக் கேக்காம அடுப்பப் பத்த வச்சேன்."