நன்மைக்கு முன் ஒரு வாய் தண்ணீர்

குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு வேலை செய்யும் தையல்காரனிடம் யாரும் அதிகம் பேச்சுக் கொடுப்பதில்லை. கூச்சக்காரனான எனக்கு அது வசதியாக இருந்தது. பிரெஞ்சுத் துரைமார் கோட்டுக்கு அளவெடுக்கும்போதும் தலையாட்டினால் போதும்.

ஒரு நாள் அப்படி ஊசியை எடுக்கும்போது வலக் கன்னத்தின் உட்புறம் சுரீரென்றது. ஊசி குத்திவிட்டது என்று நினைத்தேன். இருபது வருடமாகப் புகையிலையை அடக்கி வைத்ததும் அதே கன்னத்தில்தான். மூன்று மாதமாகியும் அந்தப் புண் ஆறவில்லை.

ஆஸ்பத்திரியில் சதையைக் கிள்ளிச் சோதித்துவிட்டு, புற்று (சதை கட்டுக்கு அடங்காமல் வளர்ந்து பக்கத்துச் சதையைத் தின்னும் நோய்) என்றார்கள். சென்னைப் பட்டணத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே முதலில் வலப்பக்கத்துச் சொத்தைப் பற்களை எல்லாம் பிடுங்கினார்கள். ரேடியம் (கட்டியைச் சுட்டழிக்கும் கதிரை வீசும் உலோகம்) பட்ட பிறகு பல்லைப் பிடுங்கினால் தாடையில் காயம் ஆறாது, எலும்பே செத்துப்போகலாம் என்று காரணம் சொன்னார்கள். பிறகு ரேடியம் அடைத்த ஊசிகளைக் கன்னத்தில் குத்தி ஒரு வாரம் வைத்தார்கள். ஒவ்வோர் ஊசியிலும் பட்டு நூல் கோத்திருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். யாரோ பாதியில் விட்டுப்போன தையல் போல இருந்தது என் முகம்.

பாஸ்குத் திருநாளுக்கு (ஏசு உயிர்த்தெழுந்த நாள்) மறுவாரம் இரண்டாவது முறை ஊசி என்று சொல்லி ஊருக்கு அனுப்பினார்கள். அதற்குள் வாய் ஆறியிருக்க வேண்டும்.

பத்து நாளில் வாயெல்லாம் வெந்துவிட்டது. எச்சில் வற்றிவிட்டது. எச்சில் என்ன வேலை செய்கிறது என்பது அது இல்லாதபோதுதான் தெரிகிறது. சோறு மணலாகிவிடும். நூல் முனையை நனைத்து ஊசியில் கோக்கக்கூட வாயில் ஈரம் இருக்காது.

எனக்குச் சொன்ன வைத்தியம் எளியது. ஒரு செம்பு கொதித்தாறிய நீரில் அரைக் கரண்டி உப்பும் அரைக் கரண்டி சோடா உப்பும் கரைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் கொப்பளிக்க வேண்டும். வேப்பங்குச்சியும் கரிப்பொடியும் கூடாது. நைந்த மல் துணியை விரலில் சுற்றி, மீதிப் பற்களையும் ஈறையும் மெல்லத் துடைக்க வேண்டும். காரம், புளி, வெற்றிலை எதுவும் ஆகாது.

இதில்தான் நான் தவறு செய்தேன்.

கட்டி கரைய வேண்டும் என்று, பாஸ்குவுக்கு முந்தைய நாற்பது நாள் தபசு காலம் முழுவதும் தினமும் பூசை கண்டு நன்மை (பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் அப்பம்) வாங்குவதாக நேர்ந்துகொண்டிருந்தேன். நன்மை வாங்குகிறவன் நடுநிசி முதல் ஒரு சொட்டுத் தண்ணீரும் விழுங்காமல் ஒருசந்தி இருக்க வேண்டும். கொப்பளிக்கும்போது ஒரு சொட்டு உள்ளே போய்விட்டால்? யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்கக் கூச்சம். எதற்கும் இருக்கட்டும் என்று விளக்கு வைத்தவுடனேயே கொப்பளிப்பதை நிறுத்தி, காலைப் பூசை முடிந்த பிறகே தொடங்கினேன். பாதி நாள் வாய் காய்ந்து கிடந்தது.

ஒரு காலை, வாங்கிய நன்மை மேலண்ணத்துப் புண்ணில் ஒட்டிக்கொண்டது. விரலால் தொடக்கூடாது. நாக்கால் தள்ளினேன், நகரவில்லை. ரத்தம் கரித்தது. கோயில் காலியாகும்வரை முழந்தாளில் இருந்தேன். கடைசியில் அந்த ரத்தத்தோடுதான் அது இறங்கியது.

அன்றே மனைவி மரியம்மாள் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டர் என் வாயைப் பார்த்துவிட்டு விளக்கைக் கீழே வைத்தார்.

“என்னா மெசியே, எத்தினி தடவ கொப்பளிக்கிறீங்க?”

“சொன்ன மாதிரிதாங்க.”

“பொய்யி டாக்டர்,” என்றாள் மரியம்மாள். “வெளக்கு வச்சதுலேருந்து பூச முடியிற வரைக்கும் ஒரு சொட்டு தண்ணி படாது. கேட்டா ஊம கணக்கா ஒக்காந்துக்கறாரு.”

டாக்டர் சிரிக்கவில்லை. “இன்னும் பன்னெண்டு நாள்ல நீங்க பட்டணம் போவணும். இந்த அழுகலப் பாத்தா அங்க ஊசி போட மாட்டாங்க. கட்டி திரும்பி வளந்துச்சின்னா தாடையோட வெட்டித்தான் எடுக்கணும். மொதல்ல சாமியாரப் போய்க் கேளுங்க. இன்னிக்கே.”

சாமியாரிடம் வாய் திறக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. அவர் முழுவதும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“வாய் கொப்பளிச்சா ஒருசந்தி முறியும்னு உனக்கு எவன்யா சொன்னான்? கொப்பளிச்சித் துப்பு. எச்சிலோட தெரியாம ஒரு துளி போனாலும் குத்தமில்ல. நன்மை வாங்க வரவங்க பாதிப்பேரு வாயத் தொறந்தா நான் மூச்ச அடக்கிக்கிறேன். நீ கழுவிட்டு வந்தா எனக்குத்தான் புண்ணியம்.”

“நன்மை ஒட்டிக்கிச்சின்னா சாமி?”

“வாங்கினப்பறம் ஒரு வாய் தண்ணி குடி. சங்கிரீஸ்துல சொல்லி வைக்கிறேன்.”

சங்கிரீஸ்து என்பது பூசை உடுப்பு வைக்கும் அறை. அந்த உடுப்புகளைத் தைத்தவன் நான். அத்தனை வருடத்தில் அங்கே ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அந்தப் பன்னிரண்டு நாளும் மாதாகோயில் மணியை எண்ணியே கழிந்தன. மரியம்மாள் செம்பை என் தையல் மிஷின் மேலேயே வைத்துவிட்டாள். மறந்தால், “மணி அடிச்சுதே, காது கூடவா வெந்துபோச்சி?” என்பாள். தினமும் கண்ணாடியில் பார்ப்பேன். ஒன்பதாம் நாள்வரை மாற்றமே தெரியவில்லை. பத்தாம் நாள் ஈறின் ஓரம் மட்டும் அழுகல் நீங்கிச் சிவந்து, சுத்தமாகத் தெரிந்தது.

பட்டணத்து வைத்தியர் என் வாய்க்குள் வெகுநேரம் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் நர்சிடம் திரும்பி, ஊசிகளைக் கொண்டுவரச் சொன்னார். கட்டிலில் படுத்திருந்த எனக்கு அழுகை வந்தது. ஊசி குத்தப்போகிறார்கள் என்று சந்தோஷத்தில் அழுதவன் நானாகத்தான் இருப்பேன்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. தாடை இருக்கிறது. வாய் முன்போல அகலமாகத் திறப்பதில்லை. எச்சில் கால்வாசிதான் திரும்பியது. இனிப்பு தெரிகிறது, உப்பு சரியாகத் தெரிவதில்லை. கட்டி திரும்ப வராது என்று எனக்கு யாரும் எழுதித் தரவில்லை.

இதைப் படிக்கிற உங்கள் கன்னத்திலும் ரேடியம் வைத்திருக்கலாம். கொப்பளிப்பதுதானே என்று இருந்துவிடாதீர்கள். சந்தேகம் வந்தால் அன்றைக்கே கேளுங்கள். நான் வாயைத் திறக்காததால் வாயையே இழக்க இருந்தேன்.

இப்போது குண்டூசிகளைத் துணியுருண்டையில் குத்தி வைக்கிறேன். வாடிக்கைக்காரர்கள் பேசினால் பதில் சொல்லியே தீர வேண்டியிருக்கிறது. நூல் முனையைச் செம்புத் தண்ணீரில் தொட்டுக் கோக்கிறேன். காய்ந்தால் முனையில் வெள்ளையாக உப்பு நிற்கிறது. என் நாளில் காலையும் மாலையும் இல்லை. கொப்பளித்தது ஒன்று, அடுத்துக் கொப்பளிக்க வேண்டியது ஒன்று. நடுவில் இருக்கும் இரண்டு மணி நேரம் என்னுடையது. அதில்தான் இதை எழுதினேன். மணி அடித்துவிட்டது.